கழுவக் கூடாத கல்

போனைத் திறந்தாலே அந்தப் படம்தான் முன்னால் வந்து நிற்கிறது. உன் முட்டாள் கல்லுக்குச் சட்டம் போட்டு, தலைக்கு மேலே குட்டி விளக்கு வைத்து, கூடத்துச் சுவரில் மாட்டியிருக்கிறான் உன் பிள்ளை ரகு. நேற்றுக் காலை நான் காப்பியைக் கையில் எடுத்த நேரத்தில் இதை அனுப்பினான். கல்லுக்குக் கீழே பித்தளைத் தகடு. 'அம்மா கண்டெடுத்த பதிமூன்று கோடி ஆண்டு இலை' என்று அதில் பொறித்திருக்கிறது. பக்கத்தில் சந்தன மாலையோடு உன் புகைப்படம். அதில் நீ சிரித்துக்கொண்டிருக்கிறாய். சிரிக்க மாட்டாயா பின்னே? எனக்குப் புரையேறி, காப்பி புடவையெல்லாம் கொட்டி, தனியாக உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தேன். நீ போன இந்த ஒரு வருஷத்தில் நான் வாய்விட்டுச் சிரித்தது நேற்றுத்தான்.

வெளிறிய மஞ்சளில் ஒரு சுண்ணாம்புக்கல் பலகை. அதன்மேல் கறுப்பாகக் கிளை கிளையாகப் படர்ந்த ஒரு கோலம். பார்த்தவர்கள் பெரணி இலை என்று கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்வார்கள். இலையும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது. கல்லின் விரிசலுக்குள் மாங்கனீஸ் கலந்த தண்ணீர் கசிந்து, காய்ந்து, விட்டுப்போன கறை. நம் கல்லூரியில் நிலவியல் வகுப்பு தொடங்கும் முதல் நாள் அதைத்தான் மேசைமேல் வைப்பாய். "இது என்னன்னு சொல்லுங்கோ பார்ப்போம்" என்பாய். பெண்கள் எல்லாம் "ஃபாசில் மேடம், ஃபெர்ன் மேடம்" என்று குதிப்பார்கள். கடைசி பெஞ்சுப் பெண்ணும் குதித்து முடிக்கும்வரை முகத்தில் ஒன்றும் காட்டாமல் நிற்பாய். அதற்குப் பிறகுதான் வாயைத் திறப்பாய். "இலைன்னா நடு நரம்பு வேணும், காம்பு வேணும். இதுல எங்கே இருக்கு, காட்டு. பார்க்க அழகா இருந்தா இலை ஆயிடுமா?"

ஒருமுறை நம் துறைக் கண்காட்சியைத் திறந்துவைக்க வந்த ஒரு பெரிய மனிதர் அந்தக் கல்லுக்கு முன்னால் நின்று, இயற்கை எழுதிய கவிதை என்று உருகி உருகிப் பேசினாரே. நீ கையைக் கட்டிக்கொண்டு பவ்யமாகத் தலையாட்டினாய். நான் உன் பின்னால் புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு நின்றேன். அன்றைக்குத்தான் அதற்கு முட்டாள் கல் என்று பெயர் வைத்தோம். அதைத்தான் இப்போது உன் வாழ்நாள் சாதனை என்று மாட்டி வைத்திருக்கிறார்கள்.

நம் நிஜ இலைகளுக்கு அந்த அழகு என்றைக்கு இருந்தது? சனிக்கிழமை விடிந்ததும் தி. நகர் பஸ் ஸ்டாண்டில் நான் காத்திருப்பேன். நீ மயிலாப்பூரிலிருந்து வந்து சேர்வாய், பையில் சுத்தியலும் உளியும் பழைய பேப்பர் கட்டும். நகைக்கடைக் குடும்பத்துப் பெண் ஞாயிறு சனி பார்க்காமல் மண் தோண்டப் போகிறாளே என்று என் பெரியப்பா தலையில் அடித்துக்கொண்டார். உன் ஆத்தில் என்ன சொன்னார்கள் என்று நீ சொன்னதே இல்லை. ஸ்ரீபெரும்புதூருக்கு அப்பால் இறங்கி, கல்லுடைத்து எடுத்துக் கைவிட்ட ஒரு பள்ளத்துக்கு நடப்போம். ஏடு ஏடாகப் பிரியும் வெள்ளைக் களிக்கல். இலை படிந்த இடத்தில் மெல்லிய பள்ளம் ஒன்று மட்டும் இருக்கும். கரி கிடையாது, நிறம் கிடையாது. உச்சி வெயிலில் பார்த்தால் வெள்ளையடித்த சுவர். காலையில் வெயில் சாய்ந்து விழும் கொஞ்ச நேரத்தில்தான் நடுக்காம்பும் இரண்டு பக்கமும் சீப்புப் பல்லாக நிற்கும் சின்ன இலைகளும் கண்ணுக்குத் தெரியும்.

அங்கே கடல் இருந்தது என்று சொன்னால் இன்றைக்கு அந்தப் பக்கம் கார் கம்பெனி பஸ்ஸில் தூங்கிக்கொண்டே போகிற எவன் நம்புவான்? தெற்கே ஒட்டிக்கிடந்த நிலத்தை விட்டு இந்த நாடு பிய்த்துக்கொண்டு கிளம்பி, கிழக்குக் கரை என்று ஒன்று புதிதாக உண்டான காலம். பூமியில் புல்கூட முளைக்கவில்லை. காட்டிலிருந்து ஆறு அடித்துக்கொண்டு வந்த இலைகளைக் கடலோரச் சேறு வாங்கி மூடிக்கொண்டது. இலை கிடந்த கல்லுக்குப் பக்கத்துக் கல்லிலேயே கடல் சிப்பி கிடக்கும். எலியட்ஸ் பீச்சில் சுண்டல் தின்கிற கூட்டத்திடம் இதைச் சொல்லிப் பார்த்தேன் ஒருநாள். "அப்போ டைனோசர் இருந்துச்சா ஆன்ட்டி?" என்று கேட்டார்கள். டைனோசர் இல்லாவிட்டால் இவர்களுக்கு ஒரு யுகமே வேண்டாம்.

அந்தக் களிக்கல்லுக்கு ஒரே ஒரு சட்டம். தண்ணீர் காட்டக் கூடாது. நாக்கில் வைத்தால் ஒட்டிக்கொள்ளும், அந்தக் களிமண்ணுக்கு அவ்வளவு தாகம். தண்ணீரில் போட்டால் குமிழி விட்டு, பொலபொலவென்று உதிர்ந்து, சேறாகிவிடும். தூசியைக்கூடப் பெயிண்ட் பிரஷ்ஷால்தான் தட்ட வேண்டும். என் நெற்றி வியர்வை சொட்டியதற்கு ஒருநாள் நீ என்னைத் திட்டிய திட்டை நான் மறக்கவில்லை. "வேர்க்கறதுன்னா அந்தண்டை போய் வேர்த்துக்கோ" என்றாய்.

பிறகு அந்தக் காலை. நீ ஒரு பலகையைப் பிளந்துவிட்டு, அசையாமல் உட்கார்ந்திருந்தாய்.

"இங்க வா. பேசாதே. வெயிலை மறைக்காதே."

குனிந்து பார்த்தேன். இலை இருந்தது. இலைக்கு அடியில், காம்போடு, விரல்நகம் அளவில் இதழ் இதழாக விரிந்த ஒன்று.

"பூவுடீ!" என்று கத்தினேன்.

"பூன்னு சொல்லாதே. பூக்கற செடி எதுவும் அப்போ சரியா தலையெடுக்கவே இல்லை. பூ மாதிரின்னு சொல்லு."

"சரி, பூ மாதிரி. காம்புல ஒட்டியிருக்கு பாரு, நல்லாப் பாரு."

"ஒட்டிண்டிருக்குன்னு நோக்கு யார் சொன்னா? மேல வந்து விழுந்திருக்கலாம். சேத்துல எதுமேல எது விழுந்துதுன்னு நீ பக்கத்துல நின்னு பார்த்தியா?"

சண்டை அங்கே ஆரம்பித்தது. சாகும்வரை நீ அதை விடவில்லை. நம் தொழிலில் இலை ஓரிடத்தில் கிடைக்கும், பூ மாதிரி இன்னோரிடத்தில் கிடைக்கும். இரண்டும் ஒரே செடியா என்று தெரியாததால் இரண்டுக்கும் தனித்தனிப் பெயர். ஒட்டிய நிலையில் ஒரு கல் கிடைத்தால் போதும், ஒரு செடியின் முழு உருவம் வந்துவிடும். இந்தக் கரையில் நாம் பார்த்தவரை அப்படி ஒன்று கிடையாது. எழுதுடி, உன் பேரில் எழுது என்று நான் தலைபாடாக அடித்துக்கொண்டேன். "இன்னொண்ணு கிடைக்கட்டும். ஒரே கல்லை வெச்சுண்டு உளறக் கூடாது" என்றாய். ஒட்டியிருக்கிறது என்றேன். தெரியாது என்றாய். அவசரக்குடுக்கை என்றாய். உன் கண்ணில் கோளாறு என்றேன். படம் வரையச் சொன்னால், "வரையறவ கை அவ ஆசைப்பட்டதைத்தான் வரையும்" என்று மறுத்துவிட்டாய். பிற்பாடு நான் போனில் எடுத்துப் பார்த்தேன். ஃப்ளாஷ் அடித்து, வெள்ளைச் சுவர்தான் விழுந்தது.

இன்னொன்று எங்கே கிடைக்கும்? அந்தப் பள்ளத்தை நிரவி, மதில் எழுப்பி, ஏதோ ஒரு கார்டன் என்று ஆர்ச் வைத்துவிட்டார்கள். அந்தக் கார்டனில் ஒரு செடி கிடையாது. வாசலில் பிளாஸ்டிக் புல்லை விரித்து வைத்திருக்கிறார்கள், புல்லே இல்லாத காலத்து மண்மேல். நாம் போய் எட்டிப் பார்த்ததற்கு, "மேடம் பிளாட் பாக்க வந்தீங்களா, கார்னர் பிளாட் ஒண்ணுதான் மிச்சம்" என்று ஓடி வந்தான் ஒருவன். நீ திரும்பி நடந்தாய். ஆகவே உலகத்தில் அந்தக் கல் ஒன்றுதான். ராஜா அண்ணாமலைபுரத்தில் உன் அறை அலமாரியில், பஞ்சு வைத்த பெட்டியில் இருந்தது. நீ போன பிறகு எனக்கு ஒரே ஆசைதான் மிச்சம். அதை ஒரு மியூசியத்தில் சேர்க்க வேண்டும். நல்ல லென்ஸும் நல்ல வெளிச்சமும் வைத்து யாராவது பார்த்து, ஒட்டியிருக்கிறது என்று எழுத்தில் சொல்ல வேண்டும். உன்னை ஒருமுறையாவது ஜெயிக்க வேண்டும். அப்போதே ரகுவிடம் கேட்டேன். "வருஷாப்தீகம் முடியறவரைக்கும் அம்மா ரூம்ல எதையும் எடுக்க வேண்டாம்னு இருக்கோம் ஆன்ட்டி" என்றான். சரி, வருஷத் திதிவரை தொடாமல் வைப்பது உங்கள் வீட்டு வழக்கம் என்று வாயை மூடிக்கொண்டு காத்திருந்தேன்.

போன வாரம் அது முடிந்தது. நேற்று மாலை அவர்கள் குடியிருப்பின் பார்ட்டி ஹாலில் உனக்கு நினைவுக் கூட்டம், நானும் பேச வேண்டும் என்று ஏற்பாடு. காலையில் படத்தைப் பார்த்துச் சிரித்து முடித்த கையோடு ரகுவைக் கூப்பிட்டேன்.

"மத்த கல்லெல்லாம் எங்கடா?"

"அதான் ஆன்ட்டி, எல்லாத்தையும் ஹால்ல டிஸ்ப்ளே பண்ணலாம்னு வித்யா ஒவ்வொண்ணா எடுத்து நன்னா கழுவி..."

அதற்குமேல் எனக்குக் காது கேட்கவில்லை. கொட்டிய காப்பியோடு, அதே புடவையோடு, பெசன்ட் நகர் முனையில் ஆட்டோவைக் கைதட்டி நிறுத்தினேன். ஓட்டினவர் கண்ணாடியில் என் மூஞ்சியைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

"இன்னாம்மா, ஆஸ்பத்திரில யார்னா கீறாங்களா?"

"இல்லப்பா. கல்லைக் கழுவிட்டாங்க."

"இன்னாது? கல்லயா?" சிக்னலில் வண்டியை நிறுத்திவிட்டு முழுசாகத் திரும்பிப் பார்த்தார். "கல்லக் கழுவுனா இன்னாம்மா ஆவும்? சுத்தமாவும், அவ்ளோதான?"

"நீயும் அந்த வீட்டுப் பிள்ளைதான்யா, தப்பி இங்க வந்து ஆட்டோ ஓட்டுற" என்றேன். பாவம், அவர் திரும்பிக்கொண்டு வண்டியை விரட்டினார்.

உன் மருமகள் கதவைத் திறந்தாள். வித்யா, பாங்கில் பெரிய உத்தியோகம். தரையில் ஒரு நீல பக்கெட் இருந்தது. அதில் பாதிக்கு வெள்ளைச் சேறு. அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், கேட்டுக்கொள்.

"முதல்ல ஒண்ணை டூத் பிரஷ் போட்டுத் தேச்சேன் ஆன்ட்டி, உடைஞ்சு போயிடுத்து. அழுத்தித் தேச்சுட்டோம்னு நினைச்சேன். அதான் மத்ததை எல்லாம் மெதுவா அழுக்கு விடட்டும்னு பக்கெட்ல ஊற வெச்சேன். கொஞ்ச நேரம் கழிச்சு வந்து பார்த்தா..." அப்புறம் அதில் ஒரு பகுதியைச் சின்க்கில் கொட்டியிருக்கிறாள். சின்க் அடைத்துக்கொண்டது. பிளம்பர் வந்து கம்பி விட்டுக் குத்தி எடுத்திருக்கிறான். பதிமூன்று கோடி ஆண்டு ஒரு கரையே அப்படியே மூடிப் பாதுகாத்து வைத்ததை, ஒரு சின்க்கு அடைப்பு என்று சொல்லி, கம்பி விட்டுக் குத்தியிருக்கிறார்கள். பஞ்சுப் பெட்டி காலியாகத் திறந்து கிடந்தது. பஞ்சை மட்டும் அவள் பத்திரமாக வைத்திருந்தாள்.

ரகு சமாதானம் சொல்ல வந்தான். "ஸாரி ஆன்ட்டி. ஆனா நல்ல ஸ்ட்ராங்கான ஃபாசில் ஒண்ணு தங்கித்து பாருங்கோ. அதைத்தான் ஃப்ரேம் பண்ணினோம்."

ஸ்ட்ராங்கான ஃபாசில்! நீ இருந்து கேட்டிருக்க வேண்டும். "உங்க ரெண்டு பேர் படிப்பையும் சேர்த்து அந்த பக்கெட்ல ஊறப் போடுங்கடா, மிச்சம் என்ன தங்குதுன்னு பார்க்கலாம்" என்றேன். இன்னும் என்னென்னமோ சொன்னேன். என் வாய்தான் உனக்குத் தெரியுமே. அவன் வயசுக்கு முன்னால் நரைத்த தலையைக் குனிந்துகொண்டு நின்றான்.

வித்யா மட்டும் நிமிர்ந்து பார்த்தாள். அழுகையோடுதான், ஆனால் நிமிர்ந்து. "அம்மா ஒரு நாளும் சொல்லலையே ஆன்ட்டி. நான் கல்யாணமாகி வந்த நாள்லேர்ந்து 'அதைத் தொடாதே'ன்னு மட்டுந்தான் சொல்லுவா. ஏன்னு கேட்டா, 'சொன்னா நோக்குப் புரியாது'ன்னுடுவா. தண்ணி படக் கூடாதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் பட விட்டிருப்பேனா?"

அடிப் பாவி. உன்னைத்தான் சொல்கிறேன். வகுப்பு வகுப்பாக எத்தனை பெண்களுக்குச் சொன்னாய், தண்ணீர் காட்டாதே, தண்ணீர் காட்டாதே என்று? அவர்களில் பாதிப் பேர் கல்யாணத்துக்குப் பிறகு கல் என்றால் அம்மிக்கல் என்று போனவர்கள். அவர்களுக்குச் சொன்னாய். ஒரே வீட்டில், ஒரே சமையலறையில் உனக்கு ரசம் வைத்துப் போட்ட பெண்ணுக்குச் சொல்ல உனக்கு வாய் வலித்ததா? பாங்குக்காரி, சினிமா பார்க்கிறவள், இவளுக்கு என்ன புரியப்போகிறது என்று எண்ணினாய். என்னிடமே சொல்லியிருக்கிறாய், உதட்டைப் பிதுக்கிக்கொண்டு. மேலே வந்து விழுந்திருக்கலாம் என்று ஒரு கல்லுக்கு அத்தனை சந்தேகத்தின் பலனைக் கொடுத்தவள் நீ. ஒரு மனுஷிக்குத் துளி கொடுக்கவில்லை. பக்கெட்டில் தண்ணீர் ஊற்றியது அவள் கை. கரைத்தது உன் கொழுப்பு. இதை உன் முகத்துக்கு நேரே சொல்ல நீ இல்லையே என்றுதான் எனக்கு வயிறு எரிகிறது.

மாலைக் கூட்டம் நடந்தது. குடியிருப்புச் செயலாளர் உன்னை ஒரு சகாப்தம் என்றார். லிஃப்ட் பராமரிப்புப் பற்றி அவரோடு நீ போட்ட சண்டையைச் சொல்லவில்லை. யாரோ உறவுக்காரர், கல்லிலும் ஈரம் கண்டவர் என்று உன்னைப் புகழ்ந்தார். அதைக் கேட்டு வித்யா தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு மைக் என்னிடம் வந்தது. அந்தக் கல்லையும் கூட்டத்துக்காகக் கழற்றிக் கொண்டுவந்து மேசைமேல் நிறுத்தியிருந்தார்கள், விளக்கோடு.

"இது இலை இல்ல" என்றேன். "கறை. இதை வெச்சுத்தான் வருஷா வருஷம் உங்க மாதிரி ஆளுங்களை அவ முட்டாளாக்குவா." "ஆன்ட்டி, ப்ளீஸ்" என்று ரகு முணுமுணுத்தான். பின் வரிசையில் நம் பழைய மாணவிகள் நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள், எல்லாம் நரைத்த மண்டைகள். அவர்களில் ஒருத்தி, "ஐயோ மேடம், அந்தக் கல்லா!" என்று கத்திவிட்டுச் சிரிக்கத் தொடங்கினாள். மற்றவர்களும் சிரித்தார்கள். துக்க வீட்டில் சிரிக்கிறார்களே என்று செயலாளர் முறைத்தார். அவர்களைப் பார்த்து நான் மிச்சத்தையும் சொன்னேன். நிஜக் கல் ஒன்று இருந்தது, இலையும் பூ மாதிரி ஒன்றும் சேர்ந்து இருந்தது, ஒட்டியதா விழுந்ததா என்று நாங்கள் அடித்துக்கொண்டோம், இப்போது அது இல்லை. யார் கரைத்தார்கள் என்பதைச் சொல்லவில்லை. அவளைக் காப்பாற்றவா, உன்னைக் காப்பாற்றவா என்று எனக்கே விளங்கவில்லை.

எல்லோரும் போண்டாவைப் பார்த்துப் போன பிறகு வித்யா வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். மன்னிப்புக் கேட்கப் போகிறாள் என்று நாலு சுருக்கென்ற வார்த்தைகளைத் தயாராக வைத்திருந்தேன். அவள் மன்னிப்புக் கேட்கவில்லை.

"ஆன்ட்டி, நீங்க ரெண்டு பேரும் பார்த்தேளே. நிஜமா ஒட்டிண்டிருந்துதா, மேல வந்து விழுந்திருந்துதா?"

கூட்டத்தில் அத்தனை பேர் இருந்தார்கள். கேட்டவள் இவள் ஒருத்திதான். உன் மூஞ்சியில் அடித்த மாதிரி இருந்திருக்கும்.

யோசித்துப் பார். கல் இல்லை. நீ இல்லை. எதிர்த்துப் பேச ஒரு ஜீவன் கிடையாது. ஒட்டியிருந்தது என்று நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவள் நம்புவாள், ரகு அடுத்த வாரமே அதையும் பித்தளையில் பொறித்துவிடுவான். இத்தனை வருஷமாக நான் உன்னிடம் கேட்ட வெற்றி, இலவசமாக, போண்டா வாசனையோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது. வாயைத் திறந்தேன்.

"தெரியாதும்மா" என்றேன்.

அவள் சரி என்று தலையாட்டினாள். அது எப்படிப்பட்ட கல், எங்கே இருந்தது என்று கேட்டாள். சொல்ல ஆரம்பித்தேன். அடுத்த சனிக்கிழமை அந்த மதிலையாவது காட்டுங்கள் என்றிருக்கிறாள், காரில் கூட்டிப் போகிறாளாம். காருக்குள் ஏசியில் உட்கார்ந்து மதில் பார்ப்பது ஒரு களப்பணியா என்று திட்டிவிட்டு, வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

ஊருக்குச் சொன்னது அந்தத் 'தெரியாது'தான், இனிமேலும் யார் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன். கல் இல்லாமல் பேசக் கூடாது என்ற உன் சட்டத்தை என்னைக்கொண்டே காப்பாற்றிவிட்டாய், சந்தோஷமா? ஆனால் உன்னிடம் எனக்கென்ன சட்டம். வெயில் சாய்ந்து விழுந்தபோது உன் தோளுக்குப் பக்கத்தில் குனிந்து நான் என் கண்ணால் பார்த்தேன். அது ஒட்டித்தான்டி இருந்தது.